படிக்கட்டு நத்தை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், காலேஜில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மீதியைச் சொன்னால் பந்தி முடியும்வரை சிரிப்பார்கள். மீதி இதுதான்: ஏரி, குட்டை, வாய்க்கால் என்று அலைந்து துவரம்பருப்பு அளவுள்ள நன்னீர் நத்தைகளைப் பிடிப்பது, கொல்வது, அறுப்பது, இது இன்ன சிற்றினம், அது இன்ன சிற்றினம் என்று பிரித்து எழுதுவது. ஓட்டைப் பார்த்து மட்டும் பிரித்துவிட முடியாது. வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நத்தைகள் உள்ளே வேறு வேறாக இருக்கும். அதனால் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ஊசியால் உடலைப் பிரித்து, அதன் ஆணுறுப்பு எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்று அளக்க வேண்டும். இதைக் கல்யாண வீட்டில் எப்படிச் சொல்வது? ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓசூர்ல இத்தினி கம்பெனி இருக்குது. ஒனக்கு இந்த வேலதான் கெடச்சுதா?"

கேட்டதில் தப்பில்லை. ஓசூரில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் ஒன்று கம்பெனி காம்பவுண்டுக்குள் இருக்கும், இல்லையென்றால் லேஅவுட்காரர்கள் சுற்றிலும் கல் நட்டிருப்பார்கள். வலையும் வடிகட்டியும் எடுத்துக்கொண்டு நாங்கள் போய் நின்றால் வாட்ச்மேன் முதலில் தமிழில் விரட்டுவார், பிறகு கன்னடத்தில் விரட்டுவார். நத்தை பிடிக்க வந்தோம் என்றால் மூன்றாவதாக இந்தியில் யாரையோ கூப்பிடுவார். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு சேற்றில் நிற்கும் இரண்டு நடுத்தர வயதுப் பெண்களைப் பார்த்து யாருக்கும் மரியாதை வந்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டு பெண்கள் என்றேன். மற்றவர் என் துறையிலேயே வேலை பார்ப்பவர். இருவரும் ஒரே வருடத்தில் சேர்ந்தோம். சேர்ந்த முதல் நாள் அவர் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டார், நானும் பதிலுக்கு 'மேடம்' என்றேன். அதன் பிறகு ஒருவர் சாப்பாட்டை ஒருவர் பிடுங்கித் தின்னும் அளவுக்கு நெருங்கிய பின்னும் அந்த மேடத்தை இருவராலும் கைவிட முடியவில்லை. அவர் கிருஷ்ணகிரிக்காரர், முஸ்லிம். கணவருக்கு மாங்காய் மண்டி வியாபாரம். சீசனில் அவர் பையிலிருந்து புத்தகத்துக்கு முன்னால் மாம்பழம்தான் வெளியே வரும். எனக்குப் பொறுமை கிடையாது. நத்தை உறுப்பு கிழிந்துவிட்டால் ஊசியை மேசையில் எறிவேன். அவர் எறிய மாட்டார். அடுத்த நத்தையை எடுப்பார். அளவெடுப்பதில் அவர் கை என் கையைவிடப் பல மடங்கு சுத்தம். இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை, பொறாமை மட்டும் உண்டு.

அவருக்கு ஒரே மகன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது, சர்வீஸ் ரோடு நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் லாரி அடித்து அங்கேயே போய்விட்டான். அந்த ரோட்டில் தினம் போகிற எங்களுக்கு இப்படிப்பட்ட செய்தி புதிதில்லை. கண்ணாடித்தூளைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். இந்தத் தடவை அப்படித் தாண்டிப் போக முடியவில்லை.

அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டார்கள். அவர்கள் ஜமாத்தில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு திரும்பினார்கள், இவர் வாசலில் நின்றார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. அங்கே கல் நட்டுப் பெயர் வெட்டும் வழக்கமும் கிடையாது. மண்மேடு, தலைமாட்டில் ஒரு செடி. சில மழைக்காலம் போனால் மேடும் சமமாகிவிடும், பிறகு அந்த இடத்தில் இன்னொருவர் வருவார். இதை அவர் குறையாக என்னிடம் சொல்லவில்லை. "எங்களுக்கு அப்படித்தான் மேடம்" என்று மட்டும் சொன்னார். குறையாக எடுத்துக்கொண்டது நான்தான். என் அப்பாவுக்கு உத்தனப்பள்ளி நிலத்தில் பளிங்கில் பெயர் வெட்டி வைத்திருக்கிறோம், வருடத்துக்கு ஒருமுறை அதைத் துடைத்துவிட்டு வருவோம். அப்படித் துடைப்பதற்கு ஓர் இடம்கூட இவருக்கு இல்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அவர் காலேஜுக்கு வருவதை நிறுத்திவிட்டார். விடுப்பு முடிந்தும் வரவில்லை. வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்துவிட்டு, உட்காரச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் அவரிடம் கேட்காமலேயே ஸ்கூட்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, "ஏறுங்க மேடம்" என்றேன். எங்கே என்று கேட்காமல் ஏறினார். ராயக்கோட்டை ரோட்டில் போய், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் நிறுத்தினேன். கருங்கல் வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீரும் எங்கிருந்தோ கசிந்து வரும் தண்ணீரும் சேர்ந்து பெரிய குட்டையாக நின்றது. ஓரத்தில் வேலம்பாசி. எனக்கு அங்கே எதுவும் கிடைக்கும் என்ற எண்ணமே இல்லை. அவரை வெயிலில் நிறுத்த வேண்டும், அதுதான் எண்ணம்.

என் டிக்கியில் எப்போதும் கிடக்கும் வடிகட்டியை அவர்தான் முதலில் தண்ணீருக்குள் விட்டார். தூக்கி, பாசியை விலக்கி, உள்ளங்கையில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இங்க வாங்க. இது என்னான்னு பாருங்க."

எங்கள் பக்கத்து வயல்களிலும் ஏரிகளிலும் சாதாரணமாகக் கிடைக்கிற தட்டை நத்தை ஒன்று உண்டு. பழுப்பு நிறத்தில், கொசுவர்த்திச் சுருள் போலத் தட்டையாகச் சுற்றியிருக்கும். அவர் கையில் இருந்ததும் அந்தச் சாயல்தான். ஆனால் சுருளின் நடுவைப் பிடித்து யாரோ மேலே இழுத்துவிட்ட மாதிரி, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியேறிப் போயிருந்தன. இப்படி ஒன்றிரண்டு எங்காவது கிடைப்பதுண்டு. அது ஊனம், தூக்கிப் போட்டுவிடுவோம். இங்கே வடிகட்டிய அத்தனையும் இப்படியே இருந்தன. குட்டையின் இந்தக் கரை, அந்தக் கரை, பாசி, பாறை, எங்கே எடுத்தாலும் படிக்கட்டுதான். ஊரில் ஒருவன் கூன் என்றால் அது அவன் உடம்பு. ஊரே கூன் என்றால் அது வேறு சாதி என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

இங்கேதான் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நத்தையை உயிரோடு நேராக ஸ்பிரிட்டில் போடக்கூடாது. போட்டால் அது பயந்து உடம்பைச் சுருக்கி ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு சாகும். உள்ளே எல்லா உறுப்பும் சுருங்கிக் கட்டையாகிவிடும், அளவு தப்பாகும். அதனால் முதலில் தண்ணீரில் மென்தால் தூவி, அது மயங்கி, உடம்பை முழுக்க வெளியே நீட்டிய பிறகுதான் ஸ்பிரிட். அன்று நாங்கள் மென்தால் கொண்டுபோகவில்லை. பிடிக்கவே போகாதவர்கள் எதற்குக் கொண்டுபோவோம்? என் வண்டி டிக்கியில் பழைய ஸ்பிரிட் பாட்டில் ஒன்று கிடந்தது. அதில் போட்டோம். கொஞ்சத்தை மட்டும் உயிரோடு பாசியுடன் ஒரு டப்பாவில் எடுத்து வந்தோம், மாணவர்களுக்குக் காட்டலாம் என்று.

திங்கட்கிழமை அவர் காலேஜுக்கு வந்தார். அன்றிலிருந்து மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், வீட்டுக்குப் போகச் சொன்னால் போனார், மற்ற நேரமெல்லாம் அறுத்தார், அளந்தார், வரைந்தார். உள்ளுறுப்பும் சாதாரண நத்தையைவிடக் கட்டையாக இருந்தது. ஓடும் வேறு, உள்ளும் வேறு. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஸ்பிரிட்டில் நேராகப் போட்டது அவருக்கு நினைவில் இருந்தது. கட்டுரையிலேயே அதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டும் எழுதினார். சுருங்கினாலும் இவ்வளவு சுருங்காது என்று வாதம் வைத்தார். கட்டுரையைச் சரிபார்த்தவர்களும் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டார்கள். நான் படித்தபோது எனக்கும் சரியாகவே பட்டது. அவர் மறுபடி சாப்பிடுகிறார், பேசுகிறார் என்ற நிம்மதியில் இருந்த எனக்கு எது சொன்னாலும் சரியாகப் பட்டிருக்கும்.

புதிய சிற்றினத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை அதை விவரித்தவருக்கு. அவர் தன் மகன் பெயரை வைத்தார். லத்தீன் வழக்கப்படி கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் அவனுடையது என்று பொருள். கட்டுரை அச்சில் வந்த நாள், அவர் அதைக் கணவரிடம் காட்டினாராம். மண்டிக்காரர், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவர். இந்த இடம்தான் என்று விரல் வைத்துக் காட்டியதும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாராம். "இது மேல மழ பேஞ்சா ஒன்னும் ஆவாதுல்ல?" என்று கேட்டாராம். இவர் இதை என்னிடம் சொன்னபோது சிரித்தார். மகன் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

உயிரோடு கொண்டுவந்த நத்தைகளை நான் ஆய்வகத்தில் கண்ணாடித் தொட்டியில் போட்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், வாரம் இரண்டு முறை அவித்த கீரை. அவை கண்ணாடியில் கூழ் மாதிரி முட்டை வைத்தன, குஞ்சு பொரித்தன. மிளகைவிடச் சின்னதாக ஊர்ந்துகொண்டிருந்த குஞ்சுகளை நான் கவனிக்கவில்லை. பரீட்சை நேரம். ஒரு நாள் தொட்டியைக் கழுவ எடுத்தபோது பார்த்தேன். வளர்ந்திருந்த குஞ்சுகள் தட்டையாக இருந்தன. அசல் கொசுவர்த்திச் சுருள்.

பாசியோடு வயல் நத்தை ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் விரும்பினேன். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்து, பாசி எதுவும் போடாமல், படிக்கட்டு நத்தை ஒன்றே ஒன்றை அதில் விட்டேன். இந்த வகை நத்தைக்கு ஆண் பெண் இரண்டும் ஒரே உடம்பில். துணை இல்லாமலும் முட்டை வைக்கும். வைத்தது. நான் தினமும் காலையில் வந்து கைப்பையைக்கூட இறக்காமல் லென்ஸை எடுத்துக்கொண்டு நிற்பேன். மேலே ஏறு, மேலே ஏறு என்று மனதுக்குள் சொல்வேன். எனக்குச் சாமி நம்பிக்கை அதிகமில்லை, ஆனால் அந்த வாரங்களில் ஒரு நத்தைக்குஞ்சு கோணலாக வளர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவை தட்டையாகவே வளர்ந்தன.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு வயல் வாய்க்காலில் சாதாரணத் தட்டை நத்தைகளைப் பிடித்து வந்து, அவற்றின் முட்டைகளைக் குவாரித் தண்ணீரில் வளர்க்கலாம் என்று கேனை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தக் குட்டைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் மாடுகளைத் தண்ணீர் காட்ட ஓட்டி வந்திருந்தார். மாட்டை அதட்டியது தெலுங்கில், என்னிடம் பேசியது தமிழில்.

"இந்தத் தண்ணிதான் குடிக்குதாம்மா?" என்றேன்.

"வேற எங்க போவறது? இருக்கறது இதான்." பிறகு அவரே சொன்னார். "முன்ன மாதிரி இல்லம்மா. ரெண்டு கன்னுக்குட்டி பொறந்து நிக்காமலே போயிடுச்சு. டாக்டர் ஊசி போட்டுப் போறாரு. தண்ணின்னு யாரும் சொல்லல."

அந்தத் தண்ணீரில் வளர்ந்த வேப்பனப்பள்ளி நத்தைகள் படியேறின. ஒவ்வொன்றாக, தயங்காமல் ஏறின.

அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, யார் விடுகிறார்கள் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பரிசோதிக்க எங்கள் காலேஜில் வசதியில்லை. வெளியே லேபுக்கு அனுப்பிய தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் வரவில்லை. கன்றுகள் செத்ததற்கும் நத்தை கோணியதற்கும் ஒரே காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த நத்தை புதிய சிற்றினம் என்று இருக்கும்வரை அந்தக் குட்டை ஓர் அதிசயம். அது சாதாரண நத்தைதான் என்று ஆகிவிட்டால், குட்டையில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. இதை எழுதினால் அவர் மகன் பெயர் போய்விடும். எழுதாவிட்டால் மாடுகள் குடித்துக்கொண்டே இருக்கும். எழுதினாலும் குடித்துக்கொண்டுதான் இருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டு பல வாரங்கள் சும்மா இருந்தேன்.

தொட்டிகளின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடி வைத்தேன். மதியம் ஒரு நாள் அவர் ஆய்வகத்துக்கு வந்தார்.

"என்னா மேடம், துணி போட்டு மூடி வெச்சிருக்கீங்க?"

"ஒன்னும் இல்ல மேடம். வெயில் படுது."

அவர் என்னைப் பார்த்தார். "ஒன்னும் இல்ல மேடம்னு அன்னிக்கும் இதே கொரல்லதான் சொன்னீங்க. ஆட்டோவுல."

அவன் இறந்த செய்தி வந்தது என் போனுக்கு. அவர் வகுப்பில் இருந்தார். எங்கள் பக்கம் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்வதில்லை. சீரியஸாக இருக்கிறது, வாங்க என்போம். சின்ன அடிதான் என்போம். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேர்களும் ஷாமியானாவும் சொல்லட்டும் என்று விட்டுவிடுவோம். நானும் அவரை ஆட்டோவில் ஏற்றி, ஒன்றும் இல்லை, காலில் அடி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தெருமுனையில் சேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவர் துண்டை எடுத்தார். நான் தடுக்கவில்லை. லென்ஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முதல் தொட்டியில் தட்டைக் குஞ்சுகளைப் பார்த்தார், இரண்டாவதில் படியேறிய வயல் நத்தைகளைப் பார்த்தார், மறுபடி முதலாவதுக்கு வந்தார். வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"பாசியில ஒட்டி வந்திருக்கும்" என்றார்.

"பாசி போடல மேடம்."

"தண்ணி?"

"கொதிக்க வெச்ச தண்ணி."

"ஒத்த நத்ததானா? நல்லாப் பாத்தீங்களா?"

"ஒத்த நத்ததான்."

இன்னொரு கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்க மாட்டாரா என்று ஏங்கினேன். அவரைவிட அளவில் சுத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. நான் கவனிக்காமல் விட்ட பிழை ஒன்றை அவர் கண்டுபிடித்து, என்னைத் திட்டி, இதெல்லாம் ஒரு சோதனையா என்று தொட்டியைக் கவிழ்த்தால் அன்று நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் படிக்கட்டு நத்தை ஒன்றைத் தண்ணீர் பாட்டிலில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டு அடுப்படி ஜன்னலில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அதை வளர்த்தார் என்று பின்னால் தெரிந்தது. அந்த வாரங்களில் நத்தையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மாங்காய் சீசன் வந்தது. மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார், தின்றேன். ருசி எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் அந்தப் பாட்டிலைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. லென்ஸ் தேவைப்படவில்லை.

"தட்டையாத்தான் வருது மேடம்" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "சீக்கு வந்த நத்தைக்குப் போயி எம் பையன் பேர வெச்சிருக்கேன்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். எங்கள் துறையில் ஒருமுறை அச்சான பெயர் அழிவதில்லை. சாதாரண நத்தையின் பெயருக்குக் கீழே, இது இன்னாரால் தனி இனம் என்று தவறாகக் கருதப்பட்டது என்று அது என்றைக்கும் இருக்கும். அந்த நத்தையைப் பற்றி முழுதாக எழுதுகிற எவரும் அந்தப் பெயரையும் கீழே எழுதியாக வேண்டும்.

"பேரு எங்கியும் போவாது மேடம். கீழ இருக்கும்."

"தப்புன்னு இருக்கும்" என்றார். "எவன் படிச்சாலும் எம் பையன் பேரத் தப்புன்னுதான் படிப்பான்."

வேண்டாம் மேடம், இது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், இப்படியே விட்டுவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையாகவே விட்டுவிட நினைத்தேன். ஆனால் அதற்குள் அவர் கேட்டார்.

"அந்த மாட்டுக்கார அம்மாவுக்கு எத்தன மாடு?"

அவரிடம் அந்தப் பெண்ணைப் பற்றி எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஏதோ ஒரு மதியம் புலம்பியிருப்பேன்.

"தெரியல மேடம். ஒரு நாலஞ்சு இருக்கும்."

"நானே எழுதறேன்" என்றார். "நீங்க எழுதுனா, என்னையப் பாவம்னு நெனச்சு மெல்ல எழுதுவீங்க. தண்ணி கெட்டதுன்னு நல்லா ஒறைக்கற மாதிரி எழுதணும்."

எழுதினார். அவர் எழுதிய கட்டுரைகளிலேயே அதுதான் கச்சிதமானது. மென்தால் போடாததை இந்தத் தடவை ஒரு வரியில் முடிக்கவில்லை. அதனால் உறுப்பு எவ்வளவு சுருங்கியது, அந்தச் சுருக்கத்தை எப்படித் தனி அடையாளம் என்று தான் எண்ணிவிட்டார் என்று மறைக்காமல் எழுதினார். ஹார்லிக்ஸ் பாட்டில் சோதனையையும் சேர்த்தார். குட்டையைக் கால்நடைகள் பயன்படுத்துகின்றன, நீரை உடனே பரிசோதிக்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அதை மட்டும் தமிழில் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த ஊர்ப் பெரியவர்களிடமும் அதிகாரிகளிடமும் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாடுகள் இன்றும் அங்கேதான் தண்ணீர் குடிக்கின்றன.

கட்டுரையை அனுப்பும் நாள், வகுப்புகள் முடிந்து இருவரும் துறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். கடைசியாக ஒருமுறை படித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று திரும்பினார்.

"மேடம், ஒன்னு கேக்கணும். நாட்றாம்பாளையம் பக்கம் காட்டு ஓடையில, நெசமாவே புதுசா ஒன்னு கெடச்சுதுன்னு வெச்சுக்குங்க. இதே பேர அதுக்கு வெக்கலாமா?"

விதி அவருக்குத் தெரியாதது அல்ல. மாணவர்களுக்கு வருடா வருடம் அதை நடத்துவதே அவர்தான். ஒரு பேரினத்துக்குள் ஒரு பெயரை ஒருமுறை வைத்துவிட்டால், அது செல்லாமல் போனாலும், அதே பேரினத்தில் இன்னொன்றுக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது. வேறு பேரினமாக இருந்தால் வைக்கலாம். ஆனால் எங்கள் வயதில், எங்கள் கண்பார்வையில், இந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரில் அப்படி ஒன்று கிடைக்கும் என்று இரண்டு பேருக்குமே நம்பிக்கை இல்லை.

"முடியாது மேடம்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

திரையில் அந்த இடம் வந்தது. மேலே சாதாரண நத்தையின் பெயர். அதற்குக் கீழே, சற்று உள்தள்ளி, சின்ன எழுத்தில் அவர் மகன் பெயர். அதை அடுத்து, எங்கள் துறையின் வழக்கப்படி, அந்தப் பெயரை முதலில் வைத்தவர் பெயர், அதாவது அவர் பெயர். அவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"பக்கத்துல எம் பேரு வருதே. அதையும் எடுத்துருவாங்களா?"

"எடுக்க முடியாது மேடம். யாரு எந்த நாட்டுல அவன் பேர எழுதினாலும் பக்கத்துல உங்க பேரையும் சேத்துத்தான் எழுதணும். ரெண்டையும் பிரிக்க முடியாது."

"தப்புன்னு எழுதினாலும்?"

"தப்புன்னு எழுதினாலும்."

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "அது போதும்" என்று சொல்லிவிட்டு, அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார்.